கால் ஒடிந்த முயலுக்கு வாங்கியவை: எது உதவியது, எது பரணுக்குப் போனது

எங்கள் வீட்டுப் பொரிக்குக் கால் ஒடிந்து இன்றோடு ஒன்பது வாரம். பொரி என்பது முயல். வெள்ளை உடம்பு, சிவப்புக் கண், ஒன்றரை வயது. இந்த ஒன்பது வாரத்தில் அதற்காக வாங்கிப் போட்டதையெல்லாம் நேற்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஒரு டஜன் பொருள், ஒன்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கம், அதில் பாதிக்கு மேல் தண்டம். டாக்டர், எக்ஸ்ரே, கட்டு எல்லாம் சேர்த்தே அவ்வளவு ஆகவில்லை. உருப்படியாக உதவியதில் பெரும்பகுதி பாத்திரக்கடையிலும் மருந்துக்கடையிலும் பூக்கடையிலும் கிடைத்ததுதான். இதே நிலையில் யாராவது ராத்திரி தூங்காமல் போனைத் தடவிக்கொண்டு எதையாவது வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்காக எழுதுகிறேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு சாயங்காலம். மகள் பொரியைத் தூக்கி மடியில் வைத்திருந்தாள், தெருவில் எவனோ ஒரு லட்சுமி வெடியைப் போட்டான். அது உதறிக் குதித்ததைத்தான் பார்த்தோம், எப்படி விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. எழுந்தபோது ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் 'சுளுக்குத்தான், காலையில் சரியாகிவிடும்' என்று ஒரே பிடியாக நின்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, அன்றைக்கு அது எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது. முயலும் மூன்று காலில்தான் நின்றது.

அப்புறம்தான் தெரிந்துகொண்டேன், முயலின் எலும்புக்கூடு மொத்த எடையில் 7, 8 சதவீதம்தானாம். பூனைக்கு 12, 13 வரும். ஆனால் பின்னங்கால் தசைக்கு இருக்கிற பலமோ ரொம்ப அதிகம். சரியாகப் பிடிக்காமல் தூக்கினால், அது உதைக்கிற வேகத்திலேயே அதன் முதுகெலும்பு முறிந்துபோகலாம். அந்த வகையில் எங்களுக்குக் காலோடு போனது. காதைப் பிடித்துத் தூக்குகிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த விமர்சனம் திட்டாக மாறிவிடும், விடுங்கள்.

அன்றிரவே ஓடின முதல் கிளினிக்கின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நாய், பூனைக்கு நல்ல இடம் என்றே கேள்வி. ஆனால் அங்கே எழுதிக் கொடுத்தது குடிக்கக் கொடுக்கும் அமாக்சிசிலின் மருந்து. 'நாளைக்கு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும், ராத்திரி ஒன்றும் தராதீங்க, வெறும் வயிற்றோடு கொண்டு வாங்க' என்றும் சொல்லி அனுப்பினார்கள். இரண்டுமே முயலுக்கு ஆகாது. பென்சிலின் வகை மருந்துகளை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கிற நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கெட்டது பெருகி, உயிரே போகலாம். அதே மாதிரி முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் மயக்க மருந்துக்கு முன்னால் பட்டினி போட வேண்டிய அவசியம் இல்லை. பட்டினி போட்டால்தான் ஆபத்து. எங்கள் நல்ல காலம், மருந்துக்கடையில் 'ஸ்டாக் இல்லம்மா, நாளைக்கு வரும்' என்றார்கள். மறுநாள் காலையில் தோழி ஒருத்தி சொன்ன வேறொரு டாக்டரிடம் போனோம். மேசையில் வைத்ததும் அவர் காலைப் பார்க்கவே இல்லை.

'கடைசியாக எப்போ சாப்பிட்டுச்சு? புழுக்கை எப்போ போட்டுச்சு?'

ராத்திரியிலிருந்து இரண்டும் இல்லை என்றோம். 'கால் ஆறு வாரத்தில் கூடிடும்மா, வயிறு ஒரு நாள் தாங்காது. முதலில் வயிற்றைப் பார்ப்போம்' என்றார். வலியும் பயமும் வந்தால் முயல் தீனியை நிறுத்தும், தீனி நின்றால் குடல் ஓட்டம் நிற்கும், குடல் நின்றால் வாயு சேர்ந்து இன்னும் வலிக்கும். அந்தச் சுழலில் மாட்டித்தான் பல முயல்கள் சாகின்றன, ஒடிந்த காலால் அல்ல. நான் எதற்கு நல்ல மதிப்பெண், எதற்குக் கெட்ட மதிப்பெண் கொடுக்கிறேன் என்பதெல்லாம் இதை வைத்துத்தான். பொரியை அது சாப்பிட வைத்ததா, இல்லையா?

எக்ஸ்ரே ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் எடுத்தோம். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது, தோல் கிழியவில்லை, எலும்பும் அதிகம் விலகவில்லை. அதனால் கம்பி வைக்காமல் சிம்பு வைத்துக் கட்டினார்கள். எதிர்வீட்டு அக்கா புத்தூர்க் கட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார், அக்கறையில்தான். ஆனால் இத்தனூண்டு காலில் கட்டு கொஞ்சம் இறுகினாலும் ரத்த ஓட்டம் நின்று பாதம் வீங்கிவிடும். தினமும் காலையும் மாலையும் கட்டுக்கு வெளியே தெரிகிற விரல் நுனி வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுதான் என் முதல் வேலையாக இருந்தது.

சரி, பொருள்களுக்கு வருகிறேன்.

முதல் தண்டம், அந்த விண்வெளி வீரர் பை. முதுகில் மாட்டுகிற பை, முன்னால் கண்ணாடிக் குமிழி, பூனை எட்டிப் பார்ப்பது மாதிரி படம் போட்டிருக்குமே, அதுதான். கட்டு மாற்ற வாராவாரம் ஸ்கூட்டரில் போகத் தோதாக இருக்கும் என்று 1,400 ரூபாய் கொடுத்தேன். முயலுக்கு உயரம் வேண்டாம், நீளம்தான் வேண்டும். உள்ளே காலை நீட்டவே முடியவில்லை. போதாததற்கு மழை விட்ட பிறகு அடிக்கிற பாளையங்கோட்டை வெயிலில் அந்தக் குமிழி அடுப்பு மாதிரி ஆகிறது. முயலுக்கு வேர்க்காது, வெப்பத்தைக் காது வழியாகத்தான் தணித்துக்கொள்ளும். பத்து நிமிடத்தில் மூக்கெல்லாம் ஈரமாகி மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. இறக்கி, ஆட்டோ பிடித்து, மடியில் வைத்துக்கொண்டு போனேன். அடுத்த வாரத்திலிருந்து மூடி போட்ட மார்க்கெட் பிளாஸ்டிக் கூடைதான், அடியில் ஒரு மடித்த துண்டு. விலை 220. நான்கு பக்கமும் காற்று வரும், கழுவலாம், ஆட்டோ சீட்டில் ஆடாமல் உட்காரும்.

இருப்பதிலேயே சிறந்தது எது என்று கேட்டால் டிஜிட்டல் சமையல் தராசு. டவுனில் பாத்திரக்கடையில் 450 ரூபாய்க்கு வாங்கியது, 10 கிலோ வரை அளக்கும், கிராம் கணக்கில் காட்டும். மேலே ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, உள்ளே முயலை உட்காரவைத்தால் போதும். டாக்டரிடம் முதல் நாள் 2,410 கிராம் இருந்தது, தீபாவளியன்று காலையில் 2,265. வெறும் கண்ணால் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை, அந்த ரோமத்துக்குள் என்ன தெரியும்? முயல் வலியைக் காட்டிக்கொள்ளாத பிராணி, வேட்டையாடப்படுகிற ஜாதி அல்லவா. கண்ணை அரைகுறையாக மூடி, முதுகைக் கூனிக்கொண்டு மூலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் 'பாவம் தூங்குது' என்றுதான் நினைப்போம். பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம் கேட்டால் அதுவும் வலிதான். இதெல்லாம் பழகிய கண்ணுக்குத்தான் பிடிபடும், எண்ணுக்கு அந்தப் பழக்கம் தேவையில்லை. காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் தினமும் எடையை எழுதி வைத்தோம், டாக்டர் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்.

அடுத்தது சிரிஞ்ச். ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச் பத்தும், 10 மில்லி சிரிஞ்ச் நான்கும் வாங்கினேன், மொத்தமே நூறு ரூபாய்க்குள். வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மெலாக்சிகாமை அளந்து கொடுக்க 1 மில்லி சிரிஞ்சை விட்டால் வேறு வழியில்லை, சொட்டுக் கணக்கெல்லாம் நம்ப முடியாது. (அளவை இங்கே எழுதமாட்டேன், கேட்காதீர்கள். மனுஷ மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற வேலையும் வேண்டாம்.) தீனிக்கு 10 மில்லி சிரிஞ்ச் சரிப்படவில்லை, நுனி சிறியது, நார் போய் அடைத்துக்கொள்கிறது. பலம் கொடுத்து அமுக்கினால் திடீரென்று மொத்தமும் பீச்சி அடிக்கும், மூச்சுக்குழாயில் போனால் கதை முடிந்தது. கடைசியில் 1 மில்லி சிரிஞ்சின் நுனியை வெட்டிவிட்டு, ஓரத்தை நகம் தேய்க்கிற அரத்தால் வழவழவென்று தேய்த்து, அதில்தான் ஊட்டினோம். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே முயலுக்குப் பல்லே இல்லாத ஓர் இடைவெளி இருக்கும், பக்கவாட்டில் அந்த வழியாகத்தான் விட வேண்டும். மல்லாத்தக் கூடாது. ஒரு முறைக்கு அரை மில்லி, மென்று விழுங்கினதும் அடுத்தது. ஒரு வேளை ஊட்ட முக்கால் மணி நேரம் ஆனது. என் நைட்டி முழுக்கப் பச்சை.

ஊட்டியது எதை? ஆக்ஸ்போ கம்பெனியின் கிரிட்டிக்கல் கேர் என்று ஒரு பொடி, புல் தின்கிற சின்னப் பிராணிகள் சாப்பிடாமல் கிடக்கும்போது ஊட்டுவதற்கென்றே செய்தது. ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கரைத்தால் கூழ் மாதிரி வரும், சோம்பு வாசனை தூக்கும். பொரி முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நக்கியது, நார்ச்சத்தும் நிறைய, எனக்கு முழுத் திருப்தி. விலைதான் கையைக் கடிக்கும். ஆனால் அது வந்து சேர்ந்தது ஆறாம் நாள். தீபாவளிக்கு எந்தப் பார்சலும் நகரவில்லை. அதுவரை டாக்டர் சொன்னபடி, பொரி வழக்கமாகத் தின்கிற பெல்லட் தீனியையே வெந்நீரில் ஊறவைத்து, மிக்சியில் அடித்து, வடிகட்டாமல் கொடுத்தோம். அவசரத்துக்கு அதுவே போதும். ஆனால் ஒன்று, வயிறு உப்பிக் கல் மாதிரி இருந்தால் எதையும் ஊட்டக் கூடாது, அடைப்பு இருக்கலாம், டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஊட்ட வேண்டும்.

தீபாவளி ராத்திரி யாரும் தூங்கவில்லை. கட்டிலுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டு வெடிச் சத்தத்தை மட்டுப்படுத்தி, பொரியை அங்கே வைத்திருந்தோம். மூன்று மணிக்கே தெருவில் முதல் சரவெடி. ஆச்சி எண்ணெய் காய்ச்ச எழுந்துவிட்டாள். நான் தரையில் படுத்து டார்ச்சை மூடிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலேகால் இருக்கும், செய்தித்தாளில் டொக்கென்று ஒரு சின்னச் சத்தம். அப்புறம் இன்னொன்று. எடுத்துப் பார்த்தேன், வழக்கமானதில் பாதிதான் இருக்கும், கறுப்பாக, கெட்டியாக, கோணல் மாணலாக. ஊரெல்லாம் 'கங்கா ஸ்நானம் ஆச்சா' என்று கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் வீட்டில் 'புழுக்கை போட்டாச்சு, புழுக்கை போட்டாச்சு' என்று மகள் கத்திக்கொண்டு ஓடினாள். ஆச்சி தலையில் அடித்துக்கொண்டாள், 'நல்ல நாளும் அதுவுமா ஏட்டி'.

புல் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுத் திமோதி உலர்புல் பை ஒன்று வாங்கினேன். நன்றாகத்தான் இருந்தது, நறுமணம், பச்சை நிறம், பின்னால் பொரிக்கும் பிடித்தது. ஆனால் நலமில்லாத முயலை உலர்புல்லைத் தின்னவைப்பது வேறு, நலமாக இருப்பதைத் தின்னவைப்பது வேறு. முதல் வாரம் அது பையையே மோந்து பார்க்கவில்லை. பூக்கடையில் பிள்ளையாருக்கு விற்கிற அருகம்புல் கட்டு, 20 ரூபாய், அதை ஈரத்தோடு மூக்குக்கு நேரே ஆட்டினபோதுதான் முதன்முதலாகத் தானாக வாயைத் திறந்து இழுத்தது. ஒரு புல், இரண்டு புல், அப்புறம் நறுக் நறுக்கென்று நிற்கவே இல்லை. பூக்காரம்மாவிடம் எங்கே பறித்தது, மருந்து அடித்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள், தண்ணீரில் நன்றாக அலசுங்கள். கொத்தமல்லியும் இழுக்கும். குதிரைமசால் என்கிற தீவனப் பயிர் கிடைத்தால் தெம்பில்லாத முயலுக்குக் கொஞ்சம் தரலாம், வளர்ந்த முயலுக்குத் தினமும் கூடாது, சுண்ணாம்புச் சத்து அதிகம். வைக்கோலை அடியில் விரிக்க வைத்துக்கொள்ளுங்கள், தீனியாக நம்பாதீர்கள். பல் விடாமல் வளர்ந்துகொண்டே இருக்கும் பிராணி, புல்லை மெல்லாவிட்டால் தேயாது. இரண்டு வாரம் கூழிலேயே ஓட்டினால் காலுக்குப் பதில் பல்லுக்கு டாக்டரைத் தேட வேண்டியதுதான்.

கால்சியம் டானிக் வாங்கியதும் இந்த வகையில் ஒரு முட்டாள்தனம். எலும்பு ஒடிந்தால் கால்சியம், மனுஷக் கணக்கு. முயல் தீனியில் இருக்கிற கால்சியத்தைத் தேவைக்கு மேலேயே உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும், அதனால்தான் அதன் மூத்திரம் காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக நிற்கும். மேலும் மேலும் கொடுத்தால் மூத்திரப்பையில் கல் சேரும். டாக்டர் பாட்டிலைப் பார்த்துவிட்டு 'நீங்களே குடிங்க மேடம்' என்றார். மூத்திரம் என்றதும் இன்னொன்று, ஒரு நாள் செங்கல் நிறத்தில் இருந்தது, ரத்தம் என்று பதறி அவருக்கு ஐந்து முறை போன் போட்டேன். தீனியில் இருக்கிற நிறமிகளால் அப்படி வருவதுண்டு என்றார், மறுநாளே மாறிவிட்டது.

கழுத்தில் மாட்டுகிற கூம்பு, 350 ரூபாய். கட்டைக் கடிக்கிறதே என்று மாட்டினேன். முயல் இரண்டு விதமாகப் போகும், கெட்டியான புழுக்கை ஒன்று, திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று இன்னொன்று. இந்த இரண்டாவதை அது குனிந்து நேராக வாயில் வாங்கித் தின்னும். அருவருப்பாக இருந்தாலும் வைட்டமினும் புரதமும் அதில்தான் இருக்கிறது. கூம்பு மாட்டினால் வாய் எட்டாது. மாட்டின அன்று ஆறு மணி நேரம் சுவரைப் பார்த்துச் சிலையாக உட்கார்ந்திருந்தது, புல்லைத் தொடவில்லை. கழற்றின மறு நிமிடம் காதைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனது. கடிக்கிறது என்றால் கட்டு உறுத்துகிறது என்று அர்த்தம், கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொன்னார். பிரித்துப் பார்த்தால் உண்மையிலேயே கணுக்காலில் தோல் சிவந்திருந்தது. கூம்பை விட்டுவைத்திருந்தால் அது புண்ணாகிப் போயிருக்கும்.

படுக்கையில் இரண்டு தவறு செய்தேன். முதலாவது, செல்லப்பிராணிக் கடையில் 'முயல் கூண்டு' என்றே தலையில் கட்டிய கம்பித்தள கூண்டு. பாதத்தில் மெத்தை கிடையாது முயலுக்கு, ரோமம் மட்டும்தான். ஒரு கால் ஒடிந்தால் மொத்த பாரமும் மறு காலில் இறங்கும், அதைக் கம்பியில் நிற்கவைத்தால் நல்ல காலும் புண்ணாகும். நல்லவேளையாக அது உள்ளே போகுமுன்னே டாக்டரிடம் போட்டோ காட்டினேன். இரண்டாவது, நாய்க்குட்டிக்கு விரிக்கிற மூத்திர விரிப்பு. ராத்திரியோடு ராத்திரியாக அதன் ஓரத்தைக் கடித்து பிளாஸ்டிக்கைப் பிய்த்திருந்தது. உள்ளே எவ்வளவு போனதோ என்று இரண்டு நாள் வயிற்றில் நெருப்பு. கடைசியில் நிலைத்தது இது: மடக்கு வேலியை ஒரு மீட்டருக்கு முக்கால் மீட்டர் அளவுக்குச் சுருக்கிக் கட்டி, தரையில் செய்தித்தாள், அதன்மேல் மடித்த பழைய வேட்டி, மேலே பிளீஸ் போர்வை. ஈரம் கீழே இறங்கிவிடும், மேலே காய்ந்தே இருக்கும், வழுக்காது. ரயிலில் விற்பார்களே மலிவான மெல்லிசுப் போர்வை, அதையே நான்காகக் கிழித்துக்கொண்டேன், தினமும் துவைத்து மாற்ற. வேலிக்குக் கொடுத்த 1,900 வீண் போகவில்லை. கால் சரியான பிறகு அதையே பெரிதாக்கி விட்டுவிட்டோம்.

யாரும் சொல்லாமல் நானாகக் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று, அதனால் பெருமையாகச் சொல்கிறேன். குழந்தையைத் தூங்க வைக்கிற குடைக் கொசுவலை! ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈ சொல்லி முடியாது. கட்டுப் போட்ட முயல் தன் பின்பக்கத்தைச் சுத்தம் செய்துகொள்ள முடியாது, ஈரமும் அழுக்கும் ஒட்டியிருந்தால் ஈ முட்டையிடும், ஒரே நாளில் புழு வைத்துவிடும். முயலுக்கு அது வந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. பூஜைச் சாமான் கடைக்குப் பக்கத்தில் 280 ரூபாய்க்குப் பெரிய அளவில் ஒன்று வாங்கி வேலிக்கு மேலே கவிழ்த்தேன், கச்சிதமாகப் பொருந்தியது. தினமும் இரண்டு வேளை வாலைத் தூக்கிப் பார்த்து, வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து, காயவைத்தோம். நாய் உண்ணிக்குப் போடுகிற சொட்டு மருந்து ஒன்றைப் பக்கத்து வீட்டுத் தம்பி கொண்டுவந்து கொடுத்தான், பிப்ரோனில் கலந்தது. அது முயலுக்கு விஷம், தொடாதீர்கள்.

ஆறாவது வாரம் எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது, கட்டைப் பிரித்தார்கள். கால் சூம்பி, ரோமம் கொட்டி, கோழிக்கால் மாதிரி இருந்ததைப் பார்த்து மகள் அழுதாள். இப்போது ரோமம் வந்துவிட்டது, லேசாக ஒரு இழுப்பு மட்டும் மிச்சம், வேகமாக ஓடும்போது தெரியாது, நிதானமாகத் தாவும்போது தெரியும். இன்று காலை எடை 2,455. அந்தத் தராசில் இனிமேல் உளுந்து அளக்க மாட்டேன் என்று ஆச்சி சொல்லிவிட்டதால் அடுப்படிக்குப் புதிதாக இன்னொன்று வாங்க வேண்டியிருந்தது, அதையும் முயல் செலவில்தான் எழுதியிருக்கிறேன்.

விண்வெளி வீரர் பை, கூம்பு, கம்பிக் கூண்டு மூன்றும் பரணில் இருக்கின்றன. பையும் கூம்பும் பூனை வைத்திருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் பாளையங்கோட்டைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். கூண்டை யாருக்கும் தரமாட்டேன்.